கோடையில் புற்றரை காத்தலும் சாட்டி மணலின் நன்னீரும்

தை, மாசி மாதங்கள் கழிந்து பனி விலகியதும் தீவகத்தின் தரவைகள் மெல்ல மெல்லப் பழுப்பு நிறம் கொள்ளத் தொடங்குகின்றன. பங்குனி, சித்திரை வெயிலிலும் அதன் பின்னர் வீசும் சோளகக் காற்றிலும் வேலணை முதல் நெடுந்தீவு வரை புல் காய்ந்து மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடக்கும். ஐப்பசியில் மழை விழுந்ததும் சில நாட்களிலேயே மீண்டும் பச்சை துளிர்க்கும். இது இயற்கை வகுத்த ஒழுங்கு. ஆயினும் விளையாட்டு மைதானமும் விடுதி முற்றமும் கடற்கரைப் பூங்காவும் ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் இன்று தீவகத்தையும் எட்டியிருக்கின்றது. 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானமொன்றுக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டியமை வாசகர்கள் அறிந்ததே. அங்கிருந்து மேற்கே செல்லும் அதே வீதியில்தான் அல்லைப்பிட்டியும் மண்கும்பானும் சாட்டியும் உள்ளன. எனவே, கடும் வெயிலில் புற்றரையை உயிரோடு காப்பது எவ்வாறு, அதற்குரிய நீர் எங்கிருந்து வரும் என்ற இரு வினாக்களையும் இப்போதே ஆராய்ந்து கொள்வது நன்று என நாம் கருதுகின்றோம்.

இந்த முதலாவது வினாவுக்கு மிக நுணுக்கமான விடை கண்டவர்கள் கோல்ப் மைதானப் பராமரிப்பாளர்களே. கோல்ப் நமது மக்களுள் மிகச் சிலரே ஆடும் விளையாட்டு. 1879ஆம் ஆண்டு கொழும்பில் தொடங்கப்பட்டு இன்று றோயல் கொழும்பு கோல்ப் கழகம் என வழங்கும் கழகமும் நுவரெலியாவின் பழமையான கழகமும் ஆங்கிலேயர் விட்டுச் சென்றவை. அவ்விளையாட்டில் பந்து சென்று விழவேண்டிய குழியைச் சூழ்ந்துள்ள மென்மையான புற்பரப்பே 'கிறீன்' எனப்படுகின்றது. பந்து தடையின்றி உருள வேண்டும் என்பதற்காக அங்குள்ள புல் ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் உயரத்துக்கு, அதாவது இரண்டு நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அளவுக்கு, அன்றாடம் வெட்டப்படுகின்றது. உலகில் மனிதன் வளர்க்கும் புல்வகைகளுள் இதனைப் போல் வருத்தப்படுவது வேறொன்றில்லை எனலாம். இத்தகைய புல்லைக் கோடையில் காப்பாற்றும் வழியை அறிந்தவருக்கு ஒரு பாடசாலை மைதானத்தைக் காப்பது எளிது.

கோல்ப் விளையாட்டின் பிறப்பிடமும் நமக்கு அந்நியமான நிலமன்று. 1457ஆம் ஆண்டிலேயே ஸ்கொட்லாந்தின் நாடாளுமன்றம் தடை விதிக்கும் அளவுக்கு அங்கு பரவியிருந்த அவ்விளையாட்டு, கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட மணல் மேடுகளில் வளர்ந்தது. உழவுக்கு உதவாத அந்த மணற்பாங்கில் ஆடுகள் மேய்ந்து மேய்ந்து புல் குட்டையாயிற்று. மழைநீர் தேங்காது மணலூடே இறங்கிற்று. சாட்டிக் கடற்கரையையும் அதன் பின்னுள்ள மணற்றிடல்களையும் அறிந்த எவரும் இவ்வமைப்பை உடனே விளங்கிக் கொள்வர். மணலில் நீர் விரைந்து இறங்கும், காற்று உட்புகும், வேர் ஆழமாகச் செல்லும். இதனால்தான் 1960ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்க கோல்ப் சங்கம் வெளியிட்ட கட்டுமான முறையிலும் ஏறத்தாழ 30 சென்றிமீற்றர் தடிப்புள்ள மணற் படையும் அதன் கீழே 10 சென்றிமீற்றர் பரற்கல் படையும் விதிக்கப்பட்டன. மணலின் நுண்துளைகளில் தேவையான நீர் தங்கி நிற்க, மிகையான நீர் கல்லூடே வடிந்துவிடும்.

வெயில் புல்லை வருத்துவது எவ்வாறு என்பதை முதலில் நோக்குவோம். புல்லின் இலையே அதன் அடுக்களை. இலையைக் குறுக்கினால் சமைக்கப்படும் உணவும் குறைகின்றது. உணவு குறைந்தால் செடி முதலில் கைவிடுவது வேரைத்தான். எனவே, மூன்று மில்லிமீற்றர் உயரமுள்ள புல்லின் வேர் இயல்பிலேயே குட்டையாக இருக்கும். குளிர்நாடுகளின் கிறீன்களில் வளர்க்கப்படும் பென்ற் என்னும் புல்லின் இலை 15 முதல் 24 பாகை செல்சியஸ் வரையிலும், வேர் அதனினும் குறைந்த வெப்பத்திலும் செழிக்கக் கூடியது. வெப்பம் 30 பாகையைக் கடந்து பல நாட்கள் நீடித்தால், அது பகலில் ஆக்கும் உணவைவிட இரவும் பகலும் சுவாசத்தில் எரிக்கும் உணவு கூடிவிடுகின்றது. சேமிப்பைத் தின்று வாழும் குடும்பத்தின் நிலையே அதற்கும் ஏற்படுகின்றது. இரவிலும் வெப்பம் தணியாவிட்டால் வேர் அழியத் தொடங்கும்.

இவ்வேளையில் புல்லுக்குள்ள ஒரே பாதுகாப்பு வியர்வைதான். வேர் உறிஞ்சிய நீரை இலை ஆவியாக வெளியேற்றித் தன்னைக் குளிர்வித்துக் கொள்கின்றது. ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது, 30 பாகையிலுள்ள எட்டு லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கின்றது. வேர் குட்டையாகி நீர் எட்டாமற் போனால் இக்குளிர்ச்சி நின்றுவிடும். அப்போது புல் நீலம் கலந்த சாம்பல் நிறமாகும். அதன்மேல் நடந்தால் மிதித்த அடிச்சுவடு நிமிராமல் அப்படியே தெரியும். இந்த அடிச்சுவட்டையே பராமரிப்பாளர்கள் முதல் எச்சரிக்கையாகக் கொள்கின்றனர்.

இதற்கு அவர்கள் கையாளும் வைத்தியத்தின் சாரம் அடக்கம் என்னும் ஒரு சொல்லில் அடங்கும். முதலாவதாக, வெட்டும் உயரத்தைச் சற்றுக் கூட்டுகின்றனர். ஒரு மில்லிமீற்றர் கூடினாலும் இலைப்பரப்பு கணிசமாகக் கூடுகின்றது. சில நாட்களில் வெட்டுவதைத் தவிர்த்து உருளையை மட்டும் உருட்டுகின்றனர். கத்தி மழுங்காமல் பார்த்துக் கொள்கின்றனர். மழுங்கிய கத்தி இலையைக் கிழிக்கும், கிழிந்த வாயால் நீர் இழக்கப்படும். இரண்டாவதாக, குழியின் இடத்தை அடிக்கடி மாற்றி ஒரே இடத்தில் கால்கள் படாமல் தடுக்கின்றனர். மூன்றாவதாக, மெல்லிய ஊசி போன்ற கம்பிகளால் தரையில் துளையிட்டு வேருக்குக் காற்று விடுகின்றனர். பெரிய துளையிடுதல், மணல் தூவித் தேய்த்தல் போன்ற கடும் வேலைகளை வெயில் தணியும் பருவத்துக்கு ஒத்திவைக்கின்றனர். நான்காவதாக, நைதரசன் உரத்தை நோயாளிக்குக் கஞ்சி ஊட்டுவது போலச் சிறிது சிறிதாகவே கொடுக்கின்றனர். மிகையான உரம் இலையைத் தள்ளுமேயன்றி வேரைத் தாங்காது.

நீர் விடுதலைப் பற்றி நம்மிடையே நிலவும் எண்ணம் இதற்கு நேர்மாறானது. புல் வாடினால் நீரை அள்ளி ஊற்ற வேண்டும் என்றே நாம் எண்ணுகின்றோம். வெயிலில் இறக்கும் கிறீன்களுள் மிகையான நீரால் இறப்பவையும் உண்டு. மணலின் துளைகள் யாவும் நீரால் நிரம்பினால் ஒட்சிசன் அற்று வேர் மூச்சுத் திணறும். சூடேறிய ஈரத்தில் பங்கசு நோய்கள் ஓர் இரவிலேயே பரவும். நிலம் நனைந்திருந்தும் வேர் செயலிழந்து புல் வாடுகின்ற விந்தையும் நிகழும். ஆகவே, தேர்ந்த பராமரிப்பாளர் அதிகாலையில் வேர் எட்டும் ஆழம் வரை நனைய விட்டு, மேற்பரப்பு உலரும் வரை காத்திருக்கின்றனர். கத்தியாலோ ஈரமானியாலோ மண்ணைச் சோதித்து, காய்ந்த திட்டுகளுக்கு மட்டும் கைக்குழாயால் நீர் விடுகின்றனர். நண்பகலில் பனித்துளி போன்று மெல்லத் தெளிப்பது இலையைக் குளிர்விப்பதற்காக மட்டுமே. அதன் பயன் சிறிது நேரமே நீடிக்கும். காற்று வீசும் உலர்ந்த இடத்தில் அது நன்கு பயன்படும். புழுக்கமான இடத்தில் பயன் குறைவு.

இனி, எந்தப் புல் என்ற கேள்வி எழுகின்றது. வெப்ப நாடுகளின் கோல்ப் மைதானங்களில் பெரிதும் வளர்க்கப்படும் பேர்மியூடா புல் என்பது நமது முற்றத்து அறுகம்புல்லேயன்றி வேறில்லை. ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் டிப்டன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய கிளென் பேர்ட்டன் என்னும் அறிஞர், அறுகினையும் அதன் தென்னாபிரிக்க உறவினத்தையும் கலந்து உருவாக்கிய டிப்கிறீன் 1956ஆம் ஆண்டிலும், அதிலிருந்து தோன்றிய குட்டை வகையான டிப்டுவார்ப் 1965ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. பென்ற் புல் தளரும் 27 முதல் 35 பாகை வெப்பத்திலேயே அறுகு செழித்து வளரும். ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி வாழ்க என்று நம் முன்னோர் மணமக்களை வாழ்த்தியது காரணமின்றியன்று. நிலத்தின் மேலும் கீழும் ஓடும் தண்டுகளால் அது பரவுகின்றது. மேலே காய்ந்தாலும் கீழுள்ள கணுக்கள் உயிரோடிருக்கும்.

இங்குதான் நாம் மறந்துவிட்ட ஓர் உண்மை உள்ளது. பழுப்பு நிறம் சாவின் நிறமன்று, உறக்கத்தின் நிறம். நீர் குறையும்போது அறுகு தன் இலைகளைத் துறந்து தண்டில் உயிரை ஒடுக்கிக் கொள்கின்றது. தீவகத்தின் தரவைகள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்திருப்பது இவ்வாறுதான். கோல்ப் உலகமும் இதனை ஏற்றுக் கொண்டுள்ளது. 2018ஆம் ஆண்டு யூலை மாதம் ஸ்கொட்லாந்தின் கார்னூஸ்ரி மைதானத்தில் உலகப் புகழ்பெற்ற ஓப்பன் போட்டி நடைபெற்றபோது, அவ்வாண்டின் வறட்சியால் நீண்ட ஆடுபரப்புகள் வைக்கோல் நிறமாகவே காட்சியளித்தன. போட்டி எவ்விதக் குறையுமின்றி நடந்தேறியது. உறங்கும் புல்லுக்கு நாம் செய்ய வேண்டியவை இரண்டே. அதன்மேல் வாகனத்தையும் மிகையான கால்நடைகளையும் விடாதிருத்தல் ஒன்று; உரமிட்டு எழுப்ப முயலாதிருத்தல் மற்றொன்று.

புல்லின் கதை இவ்வாறிருக்க, நீரின் கதையைச் சாட்டியிலிருந்தே தொடங்க வேண்டும். ஆறில்லாத குடாநாட்டிலும் தீவுகளிலும் மழையே நீரின் ஒரே மூலம். ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீற்றர் மழை, அதுவும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வாடைப் பருவத்திலேயே பெய்கின்றது. நிலத்தடியில் இறங்கும் அந்நீர், கனங்கூடிய கடல்நீரின் மேல் வில்லை வடிவில் மிதந்து நிற்கின்றது. சாட்டி, மண்கும்பான், அல்லைப்பிட்டி ஆகிய இடங்களின் மணல் ஒரு கடற்பஞ்சு போல அந்நன்னீரைத் தாங்கி வைத்துள்ளது. சுற்றிலும் உவர்நீர்க் கிணறுகளே மலிந்த தீவகத்தில், பூவல் தோண்டினாலும் இனிய நீர் ஊறும் இடம் என்ற பெருமை அதனாலேயே சாட்டிக்கு உண்டாயிற்று.

இவ்வில்லையின் இயல்பை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து நாட்டினரான கைபனும், பின்னர் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் விளக்கினர். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு பங்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது பங்கு நன்னீர் நிற்கும் என்பதே அவர்கள் கண்ட கணக்கு. இதன் மறுபக்கம் அச்சந்தருவது. மேலே நீர்மட்டம் பத்துச் சென்றிமீற்றர் நிலையாகத் தாழ்ந்தால், கீழேயுள்ள உவர்நீர் சமநிலை எய்தும்போது நான்கு மீற்றர் வரை மேலேற இடமுண்டு. வில்லை மெல்லியதாக உள்ள இடத்தில் அதுவே கிணற்றின் முடிவாகும். உவரான கிணறு மீண்டும் இனிக்கப் பல மாரிகள் வேண்டும். மணல் அகழ்வு இக்கேட்டை மேலும் விரைவுபடுத்துகின்றது. மணலை அள்ளுபவர் அதனுள்ளிருந்த நீர்த்தொட்டியையே அள்ளிச் செல்கின்றார்.

இப்போது ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். வறண்ட காலத்தில் புல்லும் மண்ணும் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் நீரை இழக்கின்றன என்று கொண்டால், சதுர மீற்றருக்கு ஐந்து லீற்றர் ஆகின்றது. 70 மீற்றர் ஆரையுள்ள ஒரு கிரிக்கெட் மைதானத்தின் பரப்பு ஏறத்தாழ 15,400 சதுர மீற்றர். அது முழுவதையும் பச்சையாக வைத்திருக்க நாளாந்தம் 77,000 லீற்றர் நீர் வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்று கணித்தால் இது 1,540 பேரின் அன்றாடத் தேவை. மாறாக, ஆடுகளம் அமைந்த நடுப்பகுதியான 750 சதுர மீற்றரை மட்டும் நனைத்தால் 3,750 லீற்றர் போதும். கோல்ப் மைதானத்திலும் இதே விகிதந்தான். 18 கிறீன்களும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு ஹெக்டேயரே. முழு மைதானமோ ஐம்பது ஹெக்டேயருக்கும் மேல். அறிவுடைய பராமரிப்பாளர் வறட்சியில் அந்த ஒரு ஹெக்டேயரைக் காத்து ஏனையவற்றை உறங்க விடுகின்றார்.

அந்த ஒரு ஹெக்டேயர் கூடச் சர்ச்சைக்கு அப்பாற்பட்டதன்று. தீவகத்து மக்கள் பலர் புலம்பெயர்ந்து வாழும் பிரான்சில் 2022ஆம் ஆண்டு கோடையில் கடும் வறட்சி நிலவியது. வீட்டுத் தோட்டங்களுக்கு நீர் விடுவது பல இடங்களில் தடைசெய்யப்பட்டிருக்க, கோல்ப் கிறீன்களுக்கு மட்டும் குறைந்த அளவில் விதிவிலக்கு அளிக்கப்பட்டது. இதனால் சினமுற்ற சூழலியல் ஆர்வலர்கள் தூலூஸ் நகரை அண்டிய மைதானங்களின் குழிகளைச் சீமெந்தால் அடைத்தனர். அச்செயலை நாம் ஆதரிக்கவில்லை. ஆயினும் செல்வந்த நாட்டிலேயே குடிநீரும் புல்நீரும் மோதிக் கொண்டதெனில், பவுசர் வரவை எதிர்பார்த்துக் குடங்களோடு மக்கள் காத்திருந்த தீவுகளில் அம்மோதல் எத்தகையதாயிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உவர்நீரில் வளரும் புல்லை நடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். கடலோரப் பஸ்பலம் என்னும் புல்லினம் அத்தகையதே. உப்பைத் தாங்கவல்ல அதன் சீர்திருத்திய வகைகள் பல நாடுகளின் கடற்கரைக் கோல்ப் மைதானங்களில் உள்ளன. ஆனால் உவர்நீர் பாய்ச்சினால் உப்பு வேர்ப்பகுதியில் படியும். அதனைக் கழுவ மேலும் நீர் விடவேண்டும். கழுவப்பட்ட உப்பு மணலூடே இறங்கிச் சேருமிடம் நன்னீர் வில்லையே. கீழே நன்னீரற்ற உவர் நிலங்களுக்கு அது ஏற்புடையதாகலாம். சாட்டி மணலுக்கு ஏற்றதன்று. உரத்தின் நிலையும் இதுவே. மணலில் இட்ட நைதரசன் முதல் மழையோடு நைத்திரேற்றாகக் கிணற்றை அடையும். விவசாய உரங்களாலும் மலக்குழிகளாலும் குடாநாட்டுக் கிணறுகள் பல ஏற்கெனவே இக்கேட்டுக்கு ஆளாகியுள்ளமை குறிப்பிடத்தக்கது.

அவ்வாறாயின் தீவகத்தில் பசுமையே வேண்டாமா? வேண்டும். நமது பிள்ளைகள் முள்ளிலும் கல்லிலும் விழுந்து விளையாட வேண்டும் என்று எவரும் சொல்லார். மைதானத்துக்கு உள்ளூர் அறுகினை நட்டு, மாரியில் வேரூன்ற விட்டு, கோடையில் நான்கு சென்றிமீற்றருக்குக் குறையாமல் விட்டு வெட்டினாலே பாதிக் காரியம் முடிந்துவிடும். எஞ்சிய சிறு பகுதிக்குரிய நீரைக் கூரையிலிருந்து பெறலாம். ஆயிரம் சதுர மீற்றர் கூரை ஆண்டுக்கு ஏறத்தாழ 12 இலட்சம் லீற்றர் மழையை ஏந்துகின்றது. அதில் பாதியை மூடிய தொட்டியில் சேமித்தாலும், மேலே கூறிய நடுப்பகுதிக்கு ஐந்து மாதம் நீர் விடலாம். பள்ளிவாசல்களில் வுழூச் செய்து வழிந்தோடும் நீரும், ஆலயக் கேணியடியிலும் தேவாலய முற்றத்திலும் கால் கழுவும் நீரும் சவர்க்காரம் கலவாதவை. சிறு வாய்க்கால் ஒன்று வெட்டினால் அயலிலுள்ள புற்றரைக்கு அதுவே போதுமானது. வீண்விரயத்தைக் கண்டிக்காத சமயம் எதுவும் நம்மிடையே இல்லை.

2024ஆம் ஆண்டு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டமையால் இனிக் கவலையில்லை என்று கூறுவோரும் உளர். பெரும் பொருட்செலவிலும் மின்செலவிலும் பெறப்படும் அந்நீர் மக்கள் குடிப்பதற்கானது. அதைக் கொண்டு புல் வளர்ப்பதும், அது வருகின்றதே என்று மணற் கிணறுகளைக் கைவிடுவதும் ஒருங்கே தவறாகும். 1990ஆம் ஆண்டில் முஸ்லிம் மக்கள் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர்; அதே காலத்தில் போரினால் தீவகத்துத் தமிழ் மக்களும் ஊரைவிட்டு நீங்கினர். திரும்பி வந்தவர்களும் இனி வரவுள்ளவர்களும் குடியிருப்பதற்கு முதலில் தேடுவது குடிக்கத்தக்க கிணற்றையே. அக்கிணறு உவர்ப்பாக இருந்தால் மீள்குடியேற்றம் என்பது ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

ஆகவே, தீவகத்தில் மைதானமோ விடுதியோ பூங்காவோ அமைக்க முன்வருவோர், தமது புற்றரைக்கு நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் நீர் வேண்டும், அது எங்கிருந்து பெறப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே மக்கள் முன் வைத்தல் வேண்டும். சாட்டி உள்ளிட்ட மணற்பகுதிகளில் புற்றரைக்கெனக் கிணறு தோண்டி இயந்திரத்தால் இறைப்பதற்கும், மணல் அகழ்வதற்கும் பிரதேச சபையும் நீர்வழங்கல் அதிகாரிகளும் இடமளிக்கலாகாது. கோடையில் பழுப்பான மைதானத்தைக் கண்டு பராமரிப்பில்லை என்று குறைகூறும் வழக்கத்தை நாமும் கைவிட வேண்டும். ஐப்பசி மழையோடு அப்புல் எப்படியும் துளிர்த்துவிடும். உவராகிப்போன கிணற்றை அவ்வாறு ஒரு மழையால் மீட்க முடியாது என்பதைச் சம்பந்தப்பட்ட அனைவரும் மனத்திற் கொள்வார்களாக.